தங்கவயலுக்குக் கேரவனில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கேரவன் வண்டியில் கோலார் தங்கவயலுக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் அந்த மண்தான். மாரிக்குப்பத்தில் லைன் வீட்டில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. 1978-ல் வேலைக்காகத் திருச்சிக்கு வந்தவன் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டேன். அப்பா அம்மா 1985-ல் குடியாத்தத்துக்கு அக்கா வீட்டோடு போய்விட்டார்கள். அதன்பின் தங்கவயல் பக்கம் போகவே இல்லை. இப்போது எனக்கு வயது 67. மகன் 12 நாளுக்குக் கேரவன் வாடகைக்கு எடுத்துத் தருகிறான். பேரன்களும் வருகிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், தங்கவயல், பெங்களூரு, ஓசூர் என்று 14 வீடுகள் குறித்து வைத்திருக்கிறேன். யாருக்கும் சொல்லாமல் போய் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசை. பேரன்களுக்குச் சயனைட் மலையையும், அந்தச் சுரங்கக் கழிவு மண் மேட்டையும் காட்ட வேண்டும். மனைவிதான், "பழைய எடத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தா மனசுல இருக்கறதும் போயிடும்" என்கிறாள். என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

போய்வாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் மனசில் இருக்கிற தங்கவயலுக்குச் சுரங்கத்துச் சங்குதான் உயிர். ஷிப்ட் சங்கு ஊதினால்தான் அடுப்பில் உலை ஏறும், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம், அப்பா வீடு திரும்புவார். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நான் போனபோது சாஃப்ட்டின் மேல், ஆட்கள் கீழே இறங்கும் அந்தக் குழியின் மேல், இரும்புக் கோபுரம் துருவேறி நின்றது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள், சத்தம் மட்டும் இல்லை. என்னோடு வந்த அக்கா அன்று முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். "சங்கு ஊதலையேடா" என்றாள். அவள் கல்யாணமாகி அந்த ஊரை விட்டு 50 வருஷமாகிறது.

அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஊர் என்பது சங்கும் சாஃப்ட்டும் மட்டும் இல்லையே. ராத்திரியில் எங்கோ கீழே பாறை வெடிக்கும். அலமாரியில் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடும். கீழே வேலையில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆனதோ என்று லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் தலையைக்கூட முடியாமல் சாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். அந்த ராத்திரியில் நம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அம்மாக்களில் இரண்டொருவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் போங்கள்.

அப்புறம் அந்தக் கேரவன். அதைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாக எழுத வேண்டும்.

கேரவனில் போனால் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டோம் என்று நினைத்துத்தான் நானும் எடுத்தேன். லைன் வீடு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு சமையல் இடம். அதில் நாம் நான்கு பேர் போய் இறங்கினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன பாடு? வண்டியில் படுக்கை இருக்கிறது, கழிவறை இருக்கிறது, அவர்களுக்குத் தொல்லை இல்லை என்பது என் கணக்கு.

தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருக்கும் என் நண்பன் வீட்டுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். சந்து முனையிலேயே வண்டி திரும்பவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். வீட்டில் இருந்த ஒரே கட்டிலை எங்களுக்காக ஒழித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் புது விரிப்பு. கடையில் மடித்த மடிப்புக்கோடு கட்டம் கட்டமாக அப்படியே இருந்தது, அன்றைக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் நான், "நாங்க வண்டியிலயே படுத்துக்கறோம்" என்றேன். நண்பன் கையைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தான். "இன்னாடா, நம்ம வூடு உனுக்குப் பத்தலியா?" என்றான். அவன் சிரிக்கவில்லை.

அன்று வண்டியில்தான் படுத்தோம். ராத்திரி பத்து மணி இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டி வந்தான். வண்டிப் படியோரம் போட்டு உட்கார்ந்தான். பேசி முடிக்க மணி இரண்டு. அவன் அப்பா கடைசி வருஷங்களில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கியது, பாறைத் தூசி நெஞ்சில் அடைத்து இருமி இருமிப் போனது, எல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் வேலைக்கு இறங்கும்போது வைத்திருந்த பித்தளை வில்லையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். நம்பர் பாதி தேய்ந்திருந்தது. விரல் வைத்துத் தடவினால்தான் தெரிகிறது.

மறுநாள் மாற்றிக்கொண்டோம். நான் அவன் வீட்டில் தரையில் பாய் போட்டு அவன் பக்கத்தில் படுத்தேன். வண்டியில் என் மனைவி, அக்கா, அவன் மனைவி, மருமகள் நான்கு பேரும். ஏசி போட்டுக்கொண்டு, டீ வைத்துக்கொண்டு, விடிய விடியச் சிரித்திருக்கிறார்கள். ஒருநாளும் அடுத்தவர் போட்ட டீயைப் படுக்கையில் இருந்தபடி குடித்ததில்லை என்று அவன் மனைவி காலையில் சொன்னார். அந்த வண்டிக்கு நான் கொடுத்த வாடகை அந்த ஒரு ராத்திரிக்கே சரியாகிவிட்டது.

அதனால் நீங்கள் வண்டியில் படுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முடிந்த இடத்தில் எல்லாம் வண்டியை அந்த வீட்டுக்காரர்களுக்குக் கொடுங்கள். பேரன்களோடு அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதில் தூங்கட்டும். சாப்பாடு மட்டும் கண்டிப்பாக அவர்கள் வீட்டில்தான். வண்டியில் அடுப்பு இருக்கிறது என்று சமைத்து விடாதீர்கள்.

சொல்லாமல் போய் நிற்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். நான் அப்படிப் போய் ஒரு வீட்டில், "இருக்காரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவர் மனைவி என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. நம் வயதில் ஒரு வாரம் முன்பே போன் செய்துவிட வேண்டும். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பொதுவான ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

12 நாளில் 14 வீடு முடியாது. ஆறு வீடு போதும், ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரியாவது இருங்கள். முதலில் குடியாத்தம் போய் அக்காவை ஏற்றிக்கொள்ளுங்கள். நமக்கு மறந்தது எல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்து பேரணாம்பட்டு, பத்தலப்பல்லி மலைப்பாதை, வி.கோட்டா வழியாகத் தங்கவயல் கிட்டத்தில்தான். ஆனால் வளைவுகள் உண்டு, பெரிய வண்டி, பகலிலேயே ஏறிவிடுங்கள். அந்த ஒரே பாதையில் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூன்றும் வந்துவிடும். வாடகை வண்டிக்கு மூன்று மாநிலத்துக்கும் பெர்மிட் இருக்கிறதா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். பெங்களூருக்குள் கேரவனை ஓட்டிப் போகாதீர்கள். மைதானத்திலேயே விட்டுவிட்டு மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுங்கள். சுரங்கம் மூடிய பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தினமும் அந்த ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். விடியற்காலையில் அவர்களோடு ஒருமுறை போனால் இன்றைய தங்கவயல் என்னவென்று பேரன்களுக்கும் தெரியும்.

சயனைட் மலையைத் தூரத்திலிருந்து காட்டுங்கள், போதும். நாம் அதில் சறுக்கி விளையாடினோம்தான். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் அது. காற்றடித்தால் இன்றும் தூசி வீடுகளுக்குள் வருகிறது. பிள்ளைகளை ஏறவிட வேண்டாம். அதற்குப் பதில் அந்த மலையைப் பார்த்தபடி ஒரு விஷயம் சொல்லுங்கள்: காவிரியின் சிவசமுத்திர அருவியில் தயாரித்த மின்சாரம் 1902-லேயே இங்கே வந்தது, பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905-ல்தான். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்தவர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை கூண்டில் இறங்கினார்கள் என்றும் சொல்லுங்கள். என் பேத்தி, "அங்க இருந்து மேல பாத்தா வானம் தெரியுமா தாத்தா?" என்று கேட்டாள்.

கிளம்பும் தேதி முடிவானதும் எழுதுங்கள். என் நண்பனிடம் சொல்லி வைக்கிறேன், மாரிக்குப்பத்தில் அவனுக்குத் தெரியாத வீடு இல்லை. அவன் வீட்டுச் சந்தில் வண்டி திரும்பாது, மைதானத்தில் நிறுத்திவிடுங்கள். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தால், முதல் ராத்திரி அதிலேயே படுத்துவிடுங்கள்.

அன்புடன்.