‘அடுத்த மாதம் வந்துவிடும்’: புதிய விண்டோஸில் ஓடாத பழைய மென்பொருள்கள், கேள்வி பதில்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிய மாதங்களில் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கணினியில் பழுதே இல்லை. புதுக் கணினி வாங்கியிருக்கிறார்கள், அல்லது பழையதில் விண்டோஸ் 11 ஏற்றியிருக்கிறார்கள். பிழைப்புக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடவில்லை. விற்றவரைக் கேட்டால் ‘அடுத்த மாதம்’ என்கிறார். நாகர்கோவிலில் 22 வருடமாகக் கணினி பழுதுபார்க்கும் எனக்கு அந்த அடுத்த மாதத்தை நன்றாகத் தெரியும். கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (ரப்பர் வியாபாரி, மார்த்தாண்டம்): அண்ணாச்சி, ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கிற கடை. எடை போட்டால் தராசிலிருந்து நேராக பில்லில் எடை ஏறும்படி ஒரு மென்பொருள் செய்து வாங்கியிருந்தேன். விண்டோஸ் 11 போட்ட நாள் முதல் எடை வரவில்லை. எட்டு மாதமாக ‘புதிய பதிப்பு வருகிறது’ என்கிறார்கள். இதற்கிடையில் வருடப் பராமரிப்புப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இது ஏமாற்று வேலையா இல்லையா?

பதில்: முதலில் தராசுக்குப் போவோம். உங்கள் தராசின் பின்னால் ஒன்பது ஊசி உள்ள பழைய சீரியல் போர்ட் இருக்கும். அதைக் கணினியோடு சேர்க்க, ஒரு முனையில் யு.எஸ்.பி. உள்ள மாற்றுக் கேபிள் போட்டிருப்பார்கள். அந்தக் கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. சந்தையில் நிறைய ஓடிய ஒரு பழைய வகை சிப்புக்கு, அதைச் செய்த நிறுவனமே விண்டோஸ் 11-இல் ஆதரவு தரவில்லை. கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘போர்ட்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணமோ, இந்த வகை கைவிடப்பட்டது என்ற வாசகமோ தெரிந்தால் குற்றவாளி கேபிள்தான். சில நூறு ரூபாயில் புது சிப் உள்ள கேபிள் கிடைக்கிறது. மாற்றியபின், பழைய கேபிள் எந்த ‘காம்’ எண்ணில் இருந்ததோ அதே எண்ணைப் புதியதற்கும் கொடுங்கள். இல்லையென்றால் மென்பொருள் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டு நிற்கும்.

எட்டு மாதமாக இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கடைக்கு ஓர் ஆளை அனுப்பிக் கேபிளைத் திருப்பிப் பார்ப்பதைவிட, ‘புதிய பதிப்பு வருகிறது’ என்று போனில் சொல்வது அவர்களுக்கு எளிது.

கேபிள் மாற்றியும் சரியாகவில்லையென்றால் பணத்தைப் பற்றிப் பேசலாம். பராமரிப்புக்கு என்று பணம் வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் இருப்பதை 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அதே சட்டம் சொல்வதால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுத்து நீட்டும். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அதில் விலக்கு உண்டு. குடும்பமாக நடத்துகிற சிறிய கடை என்றால் இந்த இடத்தில் வாதாட வழி இருக்கிறது. வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்: இனிமேல் போனில் பேசாதீர்கள், எழுதிக் கேளுங்கள். ‘அடுத்த மாதம்’ என்பது காகிதத்தில் வந்துவிட்டால் அதற்கு ஒரு தேதி உண்டாகிவிடும்.

கேள்வி (அச்சகம் நடத்துபவர், வடசேரி): பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் இருபது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை செய்கிறோம். பழைய கணினி மழைக்கால இடியில் போய்விட்டது. புதியதில் பேஜ்மேக்கர் ஒருவழியாகத் திறக்கிறது, தமிழ் தட்டச்சு மென்பொருள் வேலை செய்யவில்லை. பழைய கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. தை மாத வேலைகள் தலைக்கு மேல் இருக்கின்றன. எப்போது சரியான பதிப்பு வரும்?

பதில்: வராது, ஐயா. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதன்பின் அடோபி நிறுவனம் இன்டிசைன் என்ற வேறு வடிவமைப்பு மென்பொருளுக்குப் போய்விட்டது. இருபது வருடத்துக்கும் மேல் பழைய மென்பொருள் விண்டோஸ் 11-இல் திறக்கிறது என்பதே பெரிய விஷயம்.

குப்பையாகத் தெரிகிறதே, அது குப்பை இல்லை. நீங்கள் பயன்படுத்தியது பாமினி போன்ற பழைய எழுத்துரு. அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்து ஏமாற்றினோம். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே வந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தால், விண்டோஸ் அடைவுக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற அடைவில் உங்கள் எழுத்துருக்கள் எல்லாம் இருக்கும். இடியில் பெரும்பாலும் போவது பவர் சப்ளையும் மதர்போர்டும்தான், டிஸ்க் பிழைத்துக்கொள்ளும். அதை எடுத்து எழுத்துருக்களைப் புதியதில் நிறுவுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தை மாதத்தை ஓட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் உங்களிடம் உரிமம் உள்ள பழைய 32-பிட் விண்டோஸை ஏற்றுங்கள். கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி அது நிற்கும். பேஜ்மேக்கர், தட்டச்சு மென்பொருள், எழுத்துருக்கள் எல்லாம் அதற்குள் பழையபடி ஓடும். அதற்கு மட்டும் இணையத் தொடர்பு கொடுக்காதீர்கள். கோப்பை பி.டி.எஃப். ஆக்கி வெளியே எடுத்து அச்சுக்கு அனுப்புங்கள்.

தை முடிந்தபின் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள், அதில் தமிழ் எழுத்துக்கு என்றே சொந்த இருக்கை உண்டு. விண்டோஸ் 2000-இலேயே யூனிகோடு தமிழ் வந்துவிட்டது, தமிழ்நாடு அரசும் 2010-இல் ஆணை போட்டுவிட்டது. அச்சகங்கள்தான் கடைசி வண்டிக்குக் காத்திருந்தன. காரணமும் எனக்குத் தெரியும். யூனிகோடில் அழகான அலங்கார எழுத்துருக்கள் அப்போது இல்லை, பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழும் புரியாது. இன்று எழுத்துரு ஏராளம். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்.6 வரைக்கும்தான் நேராகத் திறக்க முடியும், ஆகவே எல்லாவற்றையும் மாற்ற நினைக்காதீர்கள். அடிக்கடி கேட்கப்படும் இருபது முப்பது மாதிரிகளை மட்டும் புதிதாகச் செய்யுங்கள்.

கேள்வி (தோட்டக் கணக்கர், குலசேகரம்): விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு 1996-இல் எழுதிய கணக்கு நிரல் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு ஏற்றபடி மாற்றித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். டாஸ் நிரல் பழைய 16-பிட் வகை, அதை 64-பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. நிரலை எழுதிய மூல வரிகள் கையில் இல்லாமல் அதை ‘மாற்ற’ முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். அவரிடம் அந்த மூல வரிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். பழைய கணக்கைப் பார்க்க மட்டும், டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டுகிற டாஸ்பாக்ஸ் போதும்.

கேள்வி (ஒலிப்பதிவுக் கூடம், நாகர்கோவில்): சார், கிறிஸ்துமஸ் பாடல் பதிவுக்கு நடுவில் மேக் கணினியில் ‘புதிய பதிப்பு தயார்’ என்று வந்தது, தம்பி அழுத்திவிட்டான். இப்போது மூன்று இசைக்கருவி பிளக்-இன்கள் (பதிவு மென்பொருளுக்குள் சேரும் துணை மென்பொருள்கள்) திறப்பதில்லை. நிறுவனத்தின் பக்கத்தில் ‘சோதித்துக்கொண்டிருக்கிறோம், மேம்படுத்த வேண்டாம்’ என்று போட்டிருக்கிறார்கள். இத்தனை பணம் வாங்கும் நிறுவனம் வெளியீட்டு நாளிலேயே தயாராக இருக்க வேண்டாமா?

பதில்: இருக்க வேண்டும்தான். ஆப்பிள் ஜூனில் சோதனைப் பதிப்பைக் கொடுக்கிறது, இலையுதிர்காலத்தில் வெளியிடுகிறது. இடையில் மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு அது போதாது என்றால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் சோதனைப் பதிப்பு வாரத்துக்கு வாரம் மாறும் என்பதும் உண்மை. ஆகஸ்டில் சரிசெய்தது செப்டம்பரில் மறுபடி உடையும். ஒலி மென்பொருள் கணினியின் அடிமட்டம் வரை கைவைக்கிறது. அதனால் ஒவ்வொரு வருடமும் அடி வாங்குவதில் முதல் வரிசையில் அது நிற்கிறது. 2019-இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32-பிட் பிளக்-இன்கள் ஒரே இரவில் செத்துப்போனதை உங்கள் தொழிலில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

தம்பி அழுத்துவதற்கு முன்பு, மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் வசதியில் எடுத்த பிரதி இருக்கிறதா? இருந்தால் பாதுகாப்பான வழி, கணினியைத் துடைத்துப் பழைய பதிப்பை நிறுவி அந்தப் பிரதியிலிருந்து மீட்பது. ஒரு நாள் வேலை. அழுத்தியபின் எடுத்த பிரதியைப் பழைய பதிப்பு ஏற்காது. பதிவு செய்த குரல்களைத் தனியாக வெளி டிஸ்கில் எடுத்து வைத்த பிறகே இதில் இறங்குங்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெல் காலத்துப் பிளக்-இன்களைப் புதிய மேக்கில் ஓட்டுகிற ரொசெட்டா, மேக் ஓ.எஸ். 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. உங்கள் மூன்றில் எது இன்னும் இன்டெல் பதிப்பாக இருக்கிறதோ, அதற்காகக் காத்திருப்பதா வேறு வாங்குவதா என்பதை அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன் முடிவுசெய்துவிடுங்கள்.

கேள்வி (மென்பொருள் செய்பவர், பார்வதிபுரம்): அண்ணா, மறுபக்கத்தையும் சொல்லுங்கள். நாங்கள் நான்கே பேர். முந்நூறு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் கொடுத்திருக்கிறோம். விண்டோஸ் மாறியதற்கு எங்களைத் திட்டுகிறார்கள். அச்சுப்பொறியைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற சின்ன நிரலை நாங்கள் எழுதவில்லை, அதற்கும் நாங்கள்தான் பொறுப்பா?

பதில்: பொறுப்பில்லை. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது உலகம் முழுக்க இதே கதைதான் நடந்தது. டிரைவர் எழுதுகிற முறையையே மாற்றினார்கள். அச்சுப்பொறியும் ஸ்கேனரும் மௌனமாகின, திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் கடைக்காரர்கள். நானும் வாங்கினேன்.

ஆனால் தம்பி, ஒரு குறை உங்கள் பக்கமும் இருக்கிறது. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். விண்டோஸ் 10 முடியும் தேதியும் வருடக்கணக்காகத் தெரியும். நாலு வருடம் கையில் இருந்தும் முந்நூறு கடைக்காரர்களுக்கு ஒரு கடிதம் போகவில்லை. வாடிக்கையாளர் திட்டுவது தாமதத்தை அல்ல, தாமதத்தை மறைத்ததை. ‘பில் போடுவது ஓடும், பார்கோடு அச்சு ஓடாது, அதற்கு இன்ன டிரைவருக்குக் காத்திருக்கிறோம், மார்ச் வரை மேம்படுத்தாதீர்கள்’ என்று எழுதி அனுப்புங்கள். ‘விரைவில்’ என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அதற்குத் தமிழில் ‘வராது’ என்று பொருளாகிப் பல காலம் ஆகிறது.

கேள்வி (சங்க எழுத்தர், குளச்சல்): எங்கள் மென்பொருளுக்கு யு.எஸ்.பி. டாங்கிள் பூட்டு உண்டு, அந்தச் சின்னக் கருவியைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். புதுக் கணினியில் டாங்கிளைச் செருகினால் ‘டிரைவர் ஏற்ற முடியவில்லை’ என்கிறது. ‘மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிடுங்கள்’ என்று விற்றவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அது விண்டோஸின் உள்வாசல் காவலாளி. பழைய, ஓட்டையுள்ள டிரைவர்கள் உள்ளே புகாமல் தடுக்கிறது. உறுப்பினர்களின் பணக் கணக்கு இருக்கிற, இணையத்தில் உள்ள கணினியில் அதை அணைப்பது சரியல்ல. டாங்கிளை உங்கள் மென்பொருள்காரர் செய்யவில்லை, வேறொரு பூட்டு நிறுவனத்திடம் வாங்கியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவர் பெரும்பாலும் இருக்கும். விற்றவர் ஐந்து வருடம் முன் குறுந்தகட்டில் கொடுத்ததையே இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பார். டாங்கிளின் மேல் உள்ள பெயரைப் படித்துத் தேடுங்கள்.

கேள்வி (ரத்தப் பரிசோதனைக் கூடம், திங்கள்நகர்): விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, நகல் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தால் கணினி அடைவுக்கு வரவில்லை.

பதில்: உங்களுடையது விண்டோஸின் ப்ரோ பதிப்பாக இருக்கும். 24எச்2-இல் வலைப்பின்னல் பகிர்வுக்கு மின்னணுக் கையொப்பம் கட்டாயமாகிவிட்டது, கடவுச்சொல் இல்லாத விருந்தாளி நுழைவும் நின்றுவிட்டது. ஸ்கேனுக்கு என்று கடவுச்சொல்லோடு ஒரு தனிப் பயனர் கணக்கு தொடங்கி, அதை நகல் இயந்திரத்தில் பதியுங்கள். இயந்திரத்தின் உள்மென்பொருளையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வழியில்லாத பழைய இயந்திரம் என்றால் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்புங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, தக்கலை): என் மடிக்கணினியில் இருப்பது இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5 சிப். விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் அம்மா. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், அதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசில்லாமலே பதியலாம். அதற்குள் படிப்பு முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன், ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதைப் பிரதி எடுத்துக்கொண்டு வா.

கேள்வி (மீன்வலைக் கடை, முட்டம்): கடைக் கணினிக்கு இணையமே கிடையாது. விண்டோஸ் 7. எல்லாம் நன்றாக ஓடுகிறது. மாற்றச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள். மற்றவர்களின் பென் டிரைவைச் செருக விடாதீர்கள். உப்புக் காற்றில் விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டு போய்விடும், கணக்கை வாரம் ஒருமுறை வெளியே பிரதி எடுங்கள்.

கேள்வி (மருந்துக் கடை, கோட்டாறு): போன வாரம் செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11 ஏற்றினேன். பில்லிங் மென்பொருள் அன்றிலிருந்து திறக்கவில்லை. பழையபடி ஆக்க முடியுமா?

பதில்: உங்களுக்கு முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். மேம்படுத்திய நாளிலிருந்து பத்து நாள் வரைதான் திரும்பும் வழி திறந்திருக்கும். மருந்து இருப்புக் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுங்கள். ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘சிஸ்டம்’, அதில் ‘ரெக்கவரி’, அதில் ‘கோ பேக்’. டிஸ்கைச் சுத்தம் செய்கிற எந்த மென்பொருளையும் அதற்கு முன் ஓட்டாதீர்கள், பழைய விண்டோஸ் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். இன்றிரவு கடை மூடியதும் செய்யுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் எதையும் தொடாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு காலையில் கடைக்கு வாருங்கள்.