லண்டனில் நானிக்குக் கொடுக்கும் சம்பளம் எதற்கானது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆயாவுக்கு ஒரு மாதம் கொடுத்த பணத்தை லண்டனில், வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நானிக்கு ஒரே நாளில் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அப்படி அவர் என்ன கூடுதலாகச் செய்துவிடுவார் என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைக்கு எட்டு மாதம் என்றும், நீங்களும் உங்கள் கணவரும் மருத்துவமனையில் ஷிப்டு முறையில் பணிபுரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் சேலத்துக்காரிதான், லண்டனிலேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் ஊரில் ஆயா ஒருபோதும் தனியாகக் குழந்தையைப் பார்ப்பதில்லை. உள்ளே பாட்டி இருப்பார், எதிர்வீட்டு அக்கா இருப்பார், அழுகை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள், காய்ச்சல் என்றால் யாராவது ஆட்டோ பிடித்துவிடுவார்கள். இங்கே காலையில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, அத்தனை பேருடைய பொறுப்பும் ஒரே ஆளின் தலையில் இறங்குகிறது. அந்தத் தனிமையில் அவர் எடுக்கும் முடிவுகளுக்குத்தான் நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவது, ஒரு வயது வரை தேன் கொடுக்காமலிருப்பது, மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கச்செய்வது ஆகியவற்றை யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் தொண்டையில் ஏதோ அடைத்து, குழந்தையால் அழக்கூட முடியாத நொடியில், பதறாமல் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, சரியாகவில்லையென்றால் திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து என்று கை தானாகப் போக வேண்டுமானால் பயிற்சியும் வேண்டும், அனுபவமும் வேண்டும். அதைவிட நான் மதிப்பது, இன்று சரியாகச் சாப்பிடவில்லை, மதியத்துக்குப் பிறகு சோர்ந்திருந்தாள் என்று மாலையில் மறைக்காமல் சொல்லும் நேர்மையை.

அம்மாவை வரவழைக்கலாம் என்றால், வருகை விசாவில் ஒருமுறைக்கு ஆறு மாதம்தான் தங்க முடியும். பழகிய முகம் போன பிறகு குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டப்படி நீங்கள்தான் முதலாளி என்பதால் வரிப் பிடித்தம், தேசியக் காப்பீடு, ஓய்வூதியம், ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. கணக்கில் காட்டாமல் கையில் பணம் கொடுத்தால் மலிவு என்று சிலர் சொல்வார்கள்; தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். குழந்தைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிவுள்ளவரை அமர்த்தினால் முதலுதவிப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை, காப்பீடு ஆகியவை அவரிடம் இருக்கும். உங்களுக்குத் தகுதி இருந்தால், இதற்கான அரசுக் கணக்கில் நீங்கள் செலுத்தும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும், ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 2,000 பவுண்டு வரை.

நானிகளுக்குப் பயிற்சி தருவதற்காக 1892-இல் தொடங்கப்பட்ட நார்லண்ட் கல்லூரியில் படித்தவர்கள் மிகத் தேர்ந்தவர்கள். ஆனால் அவர்களுக்குரிய அளவு சம்பளம் கொடுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. இருவருக்கும் நிலையான வேலைநேரம் இருந்திருந்தால், தன் வீட்டிலேயே சில பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரே போதும் என்றிருப்பேன். இரவு ஒன்பது மணி வரை நீளும் ஷிப்டுக்கு நானிதான் சரி. முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வரச்சொல்லி, நீங்கள் அடுத்த அறையில் இருந்தபடி, குழந்தை அழும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.