கேரட்டைச் சுடாதீர்கள், முதலில் குட்டிகளைச் சுடுங்கள்

கேள்வி: கப்ஹெட் விளையாட்டின் முதல் தீவில் உள்ள காய்கறித் தோட்டத்தில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வீழ்த்திவிடுகிறேன். கேரட் வந்ததும் மூன்று உயிரும் போய்விடுகிறது. பேசாமல் சிம்பிள் என்ற எளிய நிலையிலேயே முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சிம்பிள் நிலையில் வெங்காயக் கட்டமே கிடையாது. வென்றாலும் ஆன்ம ஒப்பந்தம், அதாவது எதிரியை வீழ்த்தியதற்குக் கிடைக்கும் பத்திரம், கைக்கு வராது. ஒப்பந்தங்கள் எல்லாம் சேராமல் கடைசிக் கட்டத்துக்குள் நுழையவும் முடியாது. எப்படியும் ரெகுலர் என்ற வழக்கமான நிலையில் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். கேரட் வரைக்கும் வந்துவிட்ட நீங்கள் அங்கேயே நின்று முடிப்பதுதான் சரி.

கேரட் இரண்டு விதமாகத் தாக்கும். மேலிருந்து இறங்கும் குட்டிக் கேரட்டுகள் உங்களைத் துரத்திக்கொண்டே வரும். நெற்றியில் மூன்றாவது கண் திறந்து வரும் வளையங்களோ துரத்தாது. சுடும் நேரத்தில் நீங்கள் நின்ற இடத்தை நோக்கி நேர்கோட்டில் போய்விடும். பலர் சறுக்குவது இங்கேதான். பெரிய முகத்தையே பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் குட்டிகள் சேர்ந்துவிடும், வளையத்துக்கு விலக இடம் இருக்காது.

அதனால் குட்டிகள் இறங்க ஆரம்பித்ததும் கேரட்டை மறந்துவிடுங்கள். நகராமல் நிற்க வைக்கும் லாக் பொத்தானை அழுத்திக்கொண்டு, மேலேயும் குறுக்காகவும் குறிவைத்துச் சுடுங்கள். சில தோட்டாக்களிலேயே அவை உடைந்துவிடும். கண் திறந்ததும் பக்கவாட்டில் கொஞ்சம் நகருங்கள், போதும். திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினால் மிச்சமிருக்கும் குட்டியின் மேல் நீங்களே போய் மோதுவீர்கள். வளையங்கள் கடந்துபோகிற நேரம்தான் கேரட்டைச் சுட நல்ல நேரம்.

இன்னொன்று, இந்தச் சண்டைக்கான தயாரிப்பு உருளைக்கிழங்கிடமே தொடங்குகிறது. அது துப்பும் மண்ணுருண்டை வரிசையில் கடைசியாக ஒரு இளஞ்சிவப்புப் புழு வரும். அதைத் தாண்டிக் குதிக்காமல், குதித்தபடியே அதன் பக்கத்தில் மறுபடி ஜம்ப் பொத்தானைத் தட்டுங்கள். அதுதான் பேரி, ஒவ்வொன்றுக்கும் சிறப்புத் தாக்குதலுக்கான ஒரு அட்டை நிரம்பும். வெங்காயத்தின் கண்ணீரிலும் அப்பப்போ இளஞ்சிவப்புத் துளி விழும். அவசரத்தில் தவறவிட்டால் பரவாயில்லை, ஆனால் புழுவை மட்டும் விடாதீர்கள். நேராக வருவதால் பழகுவதற்கு அதைவிட எளிதானது இந்தத் தீவில் இல்லை. சேர்த்த அட்டைகளை வெங்காயத்திடம் செலவழிக்காமல், கேரட் முளைத்ததும் இஎக்ஸ் தாக்குதலாக, அதாவது அட்டையைச் செலவழித்துச் சுடும் வலுவான தாக்குதலாக, இறக்குங்கள். சண்டை நன்றாகவே சுருங்கும்.

அப்புறம், வெங்காயத்தைச் சுடாமல் விட்டால் அது அழாமலே போய்விடும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் கேரட்டோடு ஒரு முள்ளங்கியும் சேர்ந்து வரும். கேரட்டை ஒருமுறையாவது தனியாக வென்ற பிறகு அதை முயன்று பாருங்கள்.