பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்கிறார்கள். அவளுக்கோ ஜெர்மனியில் பொறியியல் படிக்க ஆசை. என்ன செய்வது? – ஒரு தாய், தாம்பரம்.

பதில்: முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடுவோம். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடத்துக்கு அதில் இடமே இல்லை. மருத்துவத்துக்கு நீட். தமிழில் 88 வாங்குகிற பிள்ளை பிரெஞ்சில் 98 வாங்கினாலும் கூடுவது மொத்தம் 600-இல் பத்து, இரண்டு சதவீதம்கூட இல்லை. இதற்காகத் தமிழை விடுவது நஷ்டம். பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தால் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம். அது பத்தாம் வகுப்புத் தரம்தான் என்றாலும், பல ஆண்டுகள் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதாதவர்களுக்கு அது எளிதாக இருக்காது.

பிரெஞ்சு மொழியைக் குறை சொல்லவில்லை. பள்ளித் தேர்வு பெரும்பாலும் எழுத்துத் தேர்வு. கேள்வி-பதிலை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் எடுத்துவிடலாம். ஆனால் பிரெஞ்சு அரசு அங்கீகரிக்கும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. பாதி மதிப்பெண் காதையும் வாயையும் நம்பி இருக்கிறது. சொல்லின் கடைசியில் எழுதுகிற பல எழுத்துகளை பிரெஞ்சில் உச்சரிப்பதில்லை. புத்தகத்தை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் கேட்டல் பகுதியில் திணறுவது அதனால்தான்.

உங்கள் மகளின் இலக்கு ஜெர்மனி. அப்படியானால் பள்ளியில் தமிழ், வெளியே ஜெர்மன். இதுதான் என் முடிவான கருத்து. அங்கே முதுகலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் நிறைய உண்டு. இளநிலையில் பெரும்பாலானவை ஜெர்மன் வழியில்தான். பிளஸ் டூ மட்டும் முடித்தவர்கள் பொதுவாக ஸ்டூடியன்கொலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்புக்குப் போக வேண்டும், அல்லது இங்கே கல்லூரியில் ஓராண்டு தேறியிருக்க வேண்டும். மொழித்திறனை ஏ1, ஏ2, பி1 என்று அடிப்படையிலிருந்து மேலே ஏறும் நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஆயத்தப் படிப்பில் சேரவே பி1 அளவு ஜெர்மன் கேட்பது வழக்கம். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்.

ஏ1 நிலைக்கு 80 முதல் 200 பாடவேளை, பி1 வரை எட்ட 350 முதல் 650 பாடவேளை என்று ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம் கணக்கிடுகிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். வாரம் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 50 வாரத்தில் 200 பாடவேளை. பிளஸ் ஒன் முடிவதற்குள் ஏ1-ஐ நிதானமாக முடிக்கலாம். பிளஸ் டூவில் புது நிலைக்குப் போகாமல், படித்ததை மறக்காதபடி தினமும் இருபது நிமிடம் ஒலிப்பதிவு கேட்டால் போதும். பொதுத்தேர்வு முடிந்ததும் ஏ2, பி1. பிளஸ் டூவுக்குள் பி1 முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயற்பியலும் கணிதமும்தான் அடிவாங்கும்.

பிள்ளைகள் முதலில் சறுக்குவது சொற்களின் பாலில். நமக்குக் கரண்டி, கத்தி எல்லாமே அஃறிணை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால் (டேர் லோஃபெல்), முள்கரண்டி பெண்பால் (டீ காபெல்), கத்தி மூன்றாவது பால் (டாஸ் மெஸ்ஸர்). பல சொற்களில் பாலை ஊகிக்க வழி கிடையாது. லோஃபெல் என்று தனியாக எழுதிப் பழகினால் பின்னால் வேற்றுமை வரும்போது ஒவ்வொரு வாக்கியமும் தப்பாகும். முதல் நாளிலிருந்தே பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் என்ற முன்சொற்களைச் சேர்த்து, மூன்று நிற மையில் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த நிலைத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள், ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசுவாள் என்று கேளுங்கள். சென்னையில் கோத்தே நிறுவனத்தின் மையமான நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பும் தேர்வும் உண்டு. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், தேதி அறிவித்த உடனே பதிவு செய்துவிடுங்கள்.

வெளிமாநிலத்தில் வளர்ந்து தமிழ் எழுதப் படிக்கவே தெரியாத பிள்ளை என்றால் மேலே சொன்னது பொருந்தாது. அவர்கள் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுப்பதே நல்லது.