வாசகர் கேள்வி–பதில்: வெள்ளத்தில் நனைந்த நூல்கள்

கேள்வி: 1966-ல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வந்த வெள்ளத்தில் தேசிய நூலகம் ஏன் அத்தனை மோசமாகச் சேதமானது?

பதில்: நூலகம் ஆர்னோ ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பழந்தொகுப்புகளையும் நாளிதழ்களையும் அடுக்கியிருந்த இடமோ நிலவறையும் தரைத்தளமும். நவம்பர் 4 விடியலில் ஆறு கரை மீறியது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்காக நிலவறைத் தொட்டிகளில் நிரப்பியிருந்த எண்ணெயும் வெள்ளத்தில் கலந்தது. தண்ணீரை உலர்த்தலாம்; எண்ணெயும் சேறும் கலந்தால் கழுவியே தீரவேண்டும்.

கேள்வி: அவற்றை எப்படி மீட்டார்கள்?

பதில்: பிற்பாடு ‘சேற்றுத் தேவதைகள்’ என்று பெயர்பெற்ற இளைஞர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். ஈரத்தை உறிஞ்ச மரத்தூளைத் தூவி, புகையிலை உலர்த்தும் சூளைகளுக்கு அனுப்பினார்கள். அவசரத்துக்கு வேறு வழியில்லைதான். ஆனால் சூடு கூடிய இடத்தில் தோல் அட்டைகள் சுருங்கி முறுக்கிக்கொண்டன. தூள் தாள்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

பிறகு பீட்டர் வாட்டர்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு வேலையை ஒழுங்குபடுத்தியது. முதலில் பக்க வரிசையைச் சரிபார்த்துக் குறிக்க வேண்டும். அது தவறினால் பின்னால் எந்தத் தாள் எங்கே என்று தெரியாது. அடுத்துத் தையலைப் பிரித்து, தாள்களைக் கழுவி, உலர்த்தி, அழுத்தி, கிழிசல்களை மெல்லிய, ஆனால் உறுதியான ஜப்பானியத் தாளால் ஒட்டி, மறுபடி தைத்தார்கள். பல மொழிக்காரர்கள் சேர்ந்து வேலை செய்ததால் ஒவ்வொரு நூலுக்கும் குறியீடுகள் கொண்ட அட்டை ஒன்று கூடவே போனது.

ஒரு வியப்பு: 16-ஆம் நூற்றாண்டின் வளையும் மென்தோல் உறை நூல்கள் பல, கனத்த அட்டை போட்டவற்றைவிட நன்றாகத் தப்பின. அவற்றில் பசை குறைவு, உறையைத் தையலே பிடித்திருக்கும். இதைக் கவனித்தவர் குழுவில் இருந்த கிறிஸ்டோபர் கிளார்க்சன். அட்டை கனமாக இருந்தால் நூல் நீடிக்கும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: என் வீட்டுப் புத்தகங்கள் நனைந்தால்?

பதில்: இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்த முடிந்த அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். மீதியை மெழுகுத்தாளில் சுற்றி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டு, பிறகு சிலவாக எடுத்து உலர்த்தலாம். சேறு இருந்தால் புத்தகத்தை மூடியபடியே இறுகப் பிடித்து வெளிப்புறத்தை மட்டும் அலசுங்கள். கையெழுத்துப் பிரதியை, மை கரையும் என்பதால், அலசவே கூடாது.

சற்றே நனைந்த நூலை விசிறிபோல் லேசாக விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நன்றாக ஊறியதென்றால் சுமார் இருபது தாளுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத்தாளைச் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். நிறையச் செருகினால் முதுகு வெடிக்கும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். வழவழப்பான தாளில் அச்சிட்டது காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஈரம் காயும் முன்பே உறைபெட்டிக்குள் போகவேண்டியது முதலில் அதுதான்.