அப்பாவின் கடிதங்களை என்ன செய்வது?

கேள்வி: என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஊர் ஊராக மாற்றல். 1961 முதல் ஓய்வு பெறும் வரை அம்மாவுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் இருநூறுக்கு மேல் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. கூடவே 1954-ல் தொடங்கும் வீட்டுக் கணக்கு நோட்டுகளும் உண்டு. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. எல்லாவற்றையும் லேமினேட் செய்து மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். போனில் படம் எடுத்துக்கொண்டு தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எது சரி? அம்மாவுக்கு 84 வயது. எங்களோடுதான் இருக்கிறார். (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டுமே தவறு. அதைவிடப் பெரிய தவறு உங்கள் கேள்வியின் கடைசியில் இருக்கிறது. அம்மாவின் வயதைச் சொன்னீர்கள், அவரைக் கேட்டதாகச் சொல்லவில்லை. இவை அம்மாவுக்கு எழுதப்பட்ட கடிதங்கள். தபாலில் வந்த தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அம்மா இருக்கும்போது பங்கு பிரிக்கும் பேச்சே எழக் கூடாது. தாளில் உள்ள சொற்களை அச்சிடும் உரிமை வேறு. அது எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. ஆகவே ஒருவர் மட்டும் நினைத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடவும் முடியாது.

லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். அந்த எந்திரம் நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பசையை உருக்கித் தாளோடு ஒட்டுகிறது. ஒட்டியதை யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. ஓரம் லேசாகத் திறந்தால் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சை பிடிக்கும். மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோ டேப் போடுவதும் இதே கதைதான். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தின் மேல் நிற்கும். கிழிந்ததைக் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் வைத்தால் போதும்.

அவசரம் தாளுக்கு இல்லை. தகரப் பெட்டியில் அறுபது வருடம் இருந்தது இன்னும் ஒரு வருடம் இருக்கும். அவசரம் அம்மாவின் நினைவுக்குத்தான். உங்களிடம் இருப்பது பாதிக் கடிதப் போக்குவரத்து. "நீ கேட்டதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன், கவலைப்படாதே" என்று அப்பா எழுதியிருந்தால், அம்மா என்ன கேட்டார் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. "மேலவீட்டு விஷயம்" என்றால் எந்த வீடு, என்ன விஷயம்? அது தெரிந்த ஒரே ஆள் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாமல் அந்த வரியைப் பேரப்பிள்ளைகள் படிக்கலாம், புரிந்துகொள்ள முடியாது.

ஆகவே முதல் வேலை இது. கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் மென்மையான பென்சிலால் ஓர் எண். பேனா கூடாது. பிறகு ஒரு நாளைக்கு ஐந்தாறு கடிதங்கள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போனில் ஒலிப்பதிவைப் போட்டு, கடித எண்ணையும் தேதியையும் சொல்லிவிட்டு, உரக்கப் படியுங்கள். இவர் யார், இது எந்த ஊர், இதற்கு முன் என்ன நடந்தது: இவ்வளவுதான் கேட்க வேண்டும். மற்றதை அம்மா தானாகச் சொல்வார். குறுக்கே பேசித் திருத்தாதீர்கள். அவர் அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆகவே குடும்பத்தில் நேர்ந்த மரணங்கள் பெட்டியில் இருக்காது. இரண்டு மூன்று வாரம் கடிதமே இல்லாமல் போய், அடுத்த கடிதம் வேறு தொனியில் தொடங்கினால், அந்த இடைவெளியைக் காட்டி என்ன நடந்தது என்று கேளுங்கள்.

தேதியில் பலரும் சறுக்குவார்கள். அப்பா "பிலவ வருஷம் தை 8" என்று போட்டிருந்தால் அது 1962 ஜனவரி. பிலவ வருஷம் 1961 சித்திரையில் பிறந்தது என்பதால் 1961 என்று எழுதிவிடுவார்கள். மார்கழி நடுவிலேயே ஆங்கில வருடம் மாறிவிடும், அதன் பின் வரும் தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆண்டுக் கணக்கு. தேதியே இல்லாத கடிதத்துக்குத் தபால் முத்திரையைப் பாருங்கள். அதுவும் மங்கியிருந்தால் முகவரியைப் பாருங்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். பின்கோடு இருந்தால் கடிதம் அதற்குப் பிந்தியது. இல்லாவிட்டால் முந்தியது என்று சொல்ல முடியாது, பலர் வெகுநாள் எழுதாமலே இருந்தார்கள்.

அடுத்தது தட்டச்சு. இதைக் கையால்தான் செய்ய வேண்டும், தமிழ்க் கையெழுத்தை எந்திரத்தை நம்பி விட முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் என்பதால், அப்பா லை, னை, ணை எல்லாவற்றையும் தும்பிக்கை போட்டு, அதாவது எழுத்தோடு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு சேர்த்து, எழுதியிருப்பார். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஒரு தாளில் பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பத்துக் கடிதத்தில் பழகிவிடும். எழுத்து வடிவம் மாறலாம், சொல் மாறக் கூடாது. "வருஷம்" என்றிருந்தால் "ஆண்டு" ஆக்காதீர்கள். எழுத்துப் பிழையையும் பேச்சு வழக்கையும் அப்படியே விடுங்கள். படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல், கேள்விக்குறி போட்டு வையுங்கள். "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் வருகிறதே என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. விடாதீர்கள். அந்த வரி இல்லாமல் தொடங்கும் ஒரு கடிதம் வரும். அன்று அவர் எந்த மனநிலையில் உட்கார்ந்து எழுதினார் என்பது அது இல்லாததால்தான் தெரியும்.

கணக்கு நோட்டைக் குறைவாக எண்ண வேண்டாம், கடிதத்தில் சொல்லாததை மனிதர்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் 3-8-0 என்பதை 3.80 என்று தட்டச்சு செய்தால் எல்லாம் கெட்டது. அது மூன்று ரூபாய் எட்டணா, அதாவது இன்றைய கணக்கில் 3.50. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, பேச்சில் தம்பிடி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல். அதற்குப் பின்னும் கொஞ்ச காலம் பழக்கத்தில் அணாக் கணக்கு ஓடியிருக்கும், கவனியுங்கள். நோட்டு நைந்திருக்கிறது என்று பைண்டிங்குக்குக் கொடுத்தால் மூன்று பக்கமும் வெட்டிச் சீராக்கித் தருவார்கள், ஓரத்தில் எழுதிய கூட்டல் எல்லாம் போய்விடும்.

தம்பி சொல்லும் படம் நல்லதுதான், தாளுக்குப் பதிலாக அல்ல. ஸ்கேனர் என்றால் வண்ணத்தில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), பென்சில் எழுத்தும் பொடி எழுத்தும் இருந்தால் 600. போன் என்றால் ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் கூடாது, கேமரா தாளுக்கு நேர் மேலே. எழுத்தைப் "பளிச்" ஆக்கும் ஸ்கேன் செயலிகள் மங்கிய பென்சில் குறிப்பையும் முத்திரையையும் சேர்த்தே அழித்துவிடும், அந்த வசதியை அணைத்துவிடுங்கள். இன்லேண்டில் இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்தும், ஒட்டும் மடிப்பின் உள்பக்கத்திலும் எழுதியிருப்பார்கள். முகவரிப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் எடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாகுமெண்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயர் 1962-01-21-எண் 14 என்கிற மாதிரி இருந்தால் தானாக வரிசையில் நிற்கும். மூன்று பிரதிகள், அதில் ஒன்றாவது வேறு ஊரில்.

தாளைத் துடைக்க ஈரத் துணி ஆகாது. பேனா மை கரையும், காப்பியிங் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், அடியில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் செருகி மெதுவாகக் கழற்றுங்கள். கடிதங்களைப் பிரித்து, மடிக்காமல், அட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறைகள் மையைத் தங்கள் மேல் இழுத்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கு இன்லேண்ட் ஓரத்துப் பசை பிடிக்கும், ஆகவே மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். பரண் வேண்டாம், கோடையில் அங்கே தாள் நொறுங்கும். மழை நனைக்கும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் விரியுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சை வந்துவிடும்.

ஒரு வீட்டுப் பெட்டிக்கு இவ்வளவு தேவையா என்று தோன்றினால், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு 1846 வரை வாரிசுகள் வீட்டில் கிடந்தது. கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு பிரதி எடுக்க வைத்தார். குடும்பம் காத்தது, பிரதி எடுத்ததால் நமக்குக் கிடைத்தது. அப்படியும் நடுநடுவே பகுதிகள் இல்லை.

அம்மாவுக்குப் பின்னும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் தொடர்ந்து படிக்க முடியாது. உங்கள் மூவரில் உண்மையில் படிக்கிறவர் வீட்டில் மூலம் இருக்கட்டும், மற்ற இருவருக்கும் முழுப் பிரதி. யார் வீட்டில் என்பதை அம்மாவே சொல்லட்டும். சில கடிதங்களை அவர் உங்கள் கையில் தர மாட்டார். வற்புறுத்தாதீர்கள். அவற்றைத் தனியே கட்டி, எப்போது யார் திறக்கலாம் என்று மேலே அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எரித்துவிடு என்றால், அவர் கண் முன்னால் எரித்துவிடுங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு எரிக்கக் கூடாது.