உள்ளங்கை வியர்த்தால் நாறுவதில்லை, அக்குள் வியர்த்தால் மட்டும் நாறுகிறதே, ஏன்?

நம் தோலில் வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இரண்டு வகை. இரண்டும் சுரப்பது வேறு வேறு, அதுதான் காரணம்.

முதல் வகை எக்ரின். உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம் வரை இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நெருக்கம் அதிகம். இதில் வருவது கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர், மீதி உப்பும் துளி யூரியாவும். வெயிலில் அலைந்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால், காய்ந்ததும் முதுகில் வெள்ளையாகக் கோடு தெரியுமே, அது இந்த உப்புதான். சரி, இது எதற்கு? மண்பானையைப் பாருங்கள். வெளியே கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே தண்ணீர் குளிர்கிறது. எக்ரின் வியர்வை நம் உடம்புக்குச் செய்வதும் அதையேதான். காற்றில் ஈரம் கூடிய நாளில் வியர்வை காயாமல் வழியும், அதனால்தான் அவ்வளவு புழுக்கம்.

இரண்டாவது அபோக்ரின். அக்குள், தொடை இடுக்கு போன்ற சில இடங்களில் மட்டும் இருக்கிறது. முடி முளைக்கும் குழிக்குள் திறக்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த, சற்றுக் கெட்டியான திரவம் இது. பருவ வயதில்தான் வேலையைத் தொடங்கும். சின்னப் பிள்ளைகள் நாளெல்லாம் ஓடியாடினாலும் அக்குள் நாறாதது இதனால்தான்.

வியர்வையே நாறும் என்று பலர் நினைக்கிறார்கள். சுரக்கும்போது அபோக்ரின் திரவத்துக்கும் வாடை கிடையாது, தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்த பிறகே நாற்றம் வருகிறது.